ஒரு டம்ளர் பாலில் எத்தனை யூனிட் வைட்டமின் டி?

இதே தொந்தரவோடு இந்த மாதம் என்னிடம் வந்த நான்காவது பெண் இவள். பிளஸ் டூ படிக்கிறாள். தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. மாடிப்படி ஏறினால் தொடையில் வலி. "வளர்ற வயசு, அப்படித்தான் வலிக்கும்" என்று ஒரு வருடமாகத் தைலம் தேய்த்திருக்கிறார்கள். காரணம் வேறு: ரத்தத்தில் வைட்டமின் டி ஒரு மில்லிக்கு 6 நானோகிராம்தான். குறைந்தது 20 இருக்க வேண்டும்.

அம்மா நம்பவே இல்லை. "எப்படி டாக்டர்? பால் பாக்கெட்டுலயே வைட்டமின் டி சேர்த்ததுன்னு போட்டிருக்கே. எண்ணெயும் அப்படிப் பார்த்துத்தான் வாங்குறோம்." முன்பு வந்த மூன்று அம்மாக்களும் இதையேதான் சொன்னார்கள். சரி, கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

செறிவூட்டிய, அதாவது சத்து சேர்த்த, பாலில் லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட் வைட்டமின் டி இருக்க வேண்டும் என்பது விதி. அப்படியானால் 200 மில்லி டம்ளரில் 40 முதல் 60 யூனிட். பாதிக்குப் பாதி தண்ணீர் விட்ட காபி என்றால் அதிலும் பாதி. எண்ணெயில் கிராமுக்கு 4.4 முதல் 6.4 யூனிட், ஒரு நாளில் 20 கிராம் உள்ளே போனால் அதிகபட்சம் 128. இரண்டையும் கூட்டினாலும் 200ஐத் தொடவில்லை. இந்த வயதில் ஒரு நாளைக்குத் தேவை 600. பாலை மட்டும் நம்பினால் தினமும் 2 லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும்!

நம்மைக் கெடுத்து வைத்தது அயோடின் உப்புதான் என்று எனக்கு ஒரு சந்தேகம். அது அயோடின் தேவை முழுவதையும் உப்பிலேயே தந்துவிடுகிறது. அதனால் பாக்கெட்டில் 'செறிவூட்டியது' என்ற முத்திரையைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். பாலும் எண்ணெயும் எல்லா வயதினருக்கும் பொதுவானவை. லிட்டர் கணக்கில் குடிப்பவருக்கும் கெடுதல் வராத அளவில்தான் கலக்க முடியும். எனவே செறிவூட்டிய பாலையும் எண்ணெயையும் நிறுத்தாதீர்கள், ஆனால் அதுவே போதும் என்று இருந்துவிடாதீர்கள். செறிவூட்டிய அரிசியில் சேர்ப்பது இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12. அதில் டி கிடையாது. மரச்செக்கு எண்ணெயில் பொதுவாக எதுவும் சேர்ப்பதில்லை.

மீதிக்கு வெயில்தான். காலை ஆறரை மணி இளவெயில் மனசுக்கு நல்லது, வைட்டமின் டிக்கு அதனால் பெரிய பயனில்லை. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரம் வேண்டும். பதினொரு மணி வாக்கில், கை கால்கள் தெரிய, இருபது நிமிடமாவது. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பலன் இல்லை. "கறுத்துடுவா டாக்டர்" என்று தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள். எலும்பு நன்றாகக் கெட்டிப்படுகிற வயது இது.

அப்புறம், மருந்துக்கடையில் நீங்களாக 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட் வாங்காதீர்கள். அது வாரம் ஒன்று, அதுவும் சில வாரங்களுக்கு மட்டும். தினம் ஒன்றாக இருபது நாள் குடித்துவிட்டு, ஓயாத வாந்தியோடு வந்த பெண்ணையும் பார்த்திருக்கிறேன். படியேறச் சிரமம், எழும்போது கை ஊன்றுவது, பக்கவாட்டில் ஆடி ஆடி நடப்பது என்று தெரிந்தால் தைலத்தை வைத்துவிட்டுக் கிளம்பி வாருங்கள்.

பள்ளிகளுக்கும் ஒரு விண்ணப்பம். பத்தாவது, பிளஸ் டூ பெண்களின் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சருக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாவம், பல பெண்களுக்கு வாரத்தில் பகல் வெயில் படுவதே அந்த ஒரு மணி நேரம்தான்.