ஃபுல்ஸ்கேப் தாளில் ‘ஃபுல்’ எங்கே இருக்கிறது?

“மனுவை முழுநீளத் தாளில் எழுதித் தரவும்.” போன வாரம் ஓர் அலுவலகப் பலகையில் இதைப் பார்த்தேன். மூன்றாவது தடவை. முன்பு ஒருமுறை ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், படகு விஷயமாக மனு கொடுக்க வந்த பெரியவர் ஒருவர் இதே வரியைப் படித்துவிட்டுக் கடையில் போய் முழுநீளத் தாள் கேட்க, கடைக்காரர் சார்ட் அட்டை ஒன்றைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்துவிட்டார். அவர் மேல் என்ன தப்பு? ‘ஃபுல்ஸ்கேப்’ என்று கேட்டிருந்தால் சின்னப் பிள்ளைகூட சரியாக எடுத்துக் கொடுக்கும்.

ஃபுல்ஸ்கேப்பில் இருப்பது ‘ஃபுல்’, அதாவது முழு என்று நினைத்துத்தான் ‘முழுநீளத் தாள்’ என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். அந்தச் சொல்லில் ‘ஃபுல்’ கிடையவே கிடையாது. அது ஃபூல்ஸ் கேப், அதாவது கோமாளித் தொப்பி. ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டிலேயே கோமாளிக் குல்லாவை நீர்க்குறியாக வைத்துக் காகிதம் செய்தார்கள். நம் ரூபாய் நோட்டில் காந்தி தெரிவதுபோல, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மணி கட்டிய குல்லா தெரியும். அப்புறம் அந்தக் குறி போய்விட்டது, தாளின் அளவுக்குப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1649இல் இங்கிலாந்தின் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டியவர்கள், காகிதத்தில் இருந்த அரச முத்திரையை எடுத்துவிட்டுக் கோமாளிக் குல்லாவை வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. நல்ல கதைதான், ஆனால் குல்லா அதற்கு நூறு வருஷத்துக்கும் மேல் மூத்தது.

“பெயர் எப்படி வந்தால் என்ன, ஜனங்களுக்கு முழு என்றுதானே புரிகிறது” என்பார்கள். புரிந்த லட்சணத்தைத்தான் சார்ட் அட்டையில் பார்த்தோமே. இன்னொன்று: உண்மையான ஃபூல்ஸ்கேப் தாள் 17 அங்குலத்துக்கு 13½ அங்குலம். அதைப் பாதியாக்கினால் வருகிற 13½க்கு 8½தான் நாம் மனு எழுதுகிற தாள். ஆக அது அரைத்தாள்! அரையைப் பிடித்து ‘முழு’ என்கிறோம். ஏ4 தாளைவிட நாலரை சென்டிமீட்டர் நீளம் கூடுதல், அவ்வளவுதான். காதில் விழுந்த ஓசையை அகராதியில் தேடி, கிடைத்த முதல் பொருளை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்களை என்ன செய்வது? அதைக் கண்ணால் பார்க்காமலே பலகையில் எழுதி மாட்டுகிறவர்களை?

சரி, வேரைப் பிடித்துக் ‘கோமாளித்தாள்’ என்று வைக்கலாமா? தனித்தமிழ் நண்பர் ஒருவர் அதற்கு மல்லுக்கு நிற்கிறார். திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகம் போட்டால் முதலில் மேடைக்கு வருகிற பபூன்தான் எங்கள் பக்கத்துக் கோமாளி. பட்டா மாறுதலுக்குப் பபூன் தாளில் விண்ணப்பம் கொடுங்கள் என்றால் தாசில்தார் என்ன நினைப்பார்? ‘குல்லாத்தாள்’ என்றேன் விளையாட்டாக. குல்லா பாரசீகமாம், கூடாதாம். தொப்பி? அதுவும் வடக்கிருந்து வந்ததாம். இவரே ஊருக்குப் பேசும்போது “கடுதாசி போட்டேன், வந்துச்சா?” என்பவர். கடுதாசி போர்ச்சுக்கீசியச் சொல். அந்தக் ‘கர்த்தாஸ்’ என்ற பெயரில்தான் போர்ச்சுக்கீசியர்கள் நம் கடலில் கப்பல்களுக்கு அனுமதிச் சீட்டு விற்றார்கள். 1538இல் மண்டபம் பக்கத்து வேதாளையில் சண்டை போட்ட அதே ஆட்கள்தான். இதைச் சொன்னதும் நண்பர் பேச்சை மாற்றிவிட்டார்.

எனக்குப் பிடித்த முன்மாதிரி உப்புத்தாள். மரத்தை இழைத்து வழவழப்பாக்க ஆசாரிகள் தேய்க்கிறார்களே, அது. பார்த்தால் உப்புப் பொரிந்ததுபோல இருக்கிறது, உப்புத்தாள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், வாலிநோக்கம் அளத்தில் உப்பு வாருகிறவர் முதல் படகுப் பட்டறை வரை எல்லோருக்கும் புரிகிறது. முத்திரைத்தாளும் அப்படித்தான், பொருளைப் பார்த்து வைத்த பெயர். அதனால் இதை ‘மனுத்தாள்’ என்று சொல்லலாம் என்பது என் கட்சி. பரீட்சையும் அதில்தானே எழுதுகிறோம் என்று கேட்டால், உப்புத்தாளில் மட்டும் உப்பா இருக்கிறது?

அந்தப் பலகையைத் திருத்தச் சொல்லி ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். ஏ4இல் எழுதித் தொலைத்துவிட்டேன், வாங்குவார்களா என்றுதான் யோசனை.