நுரைப் படைக்கு ஆள் சேர்த்த ஒன்பதாம் வகுப்பு

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு தாயார் கேட்டிருந்தார்: "தீவிரவாதக் குழுக்கள் எப்படி ஆள் பிடிக்கின்றன என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், நாமே வழிகாட்டியதாகிவிடாதா?" 2012 ஆகஸ்டில் தங்கள்மீது தாக்குதல் நடக்கும் என்ற வதந்திகளுக்கு அஞ்சி வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் பெங்களூரு ரயில் நிலையத்தில் குவிந்ததையும், குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டதையும் கண்ட ஊரில் இந்தக் கவலை நியாயமானதே.

வீரியம் குறைந்த கிருமியைத் தடுப்பூசியாகச் செலுத்தினால் உடல் எதிர்ப்பாற்றலை வளர்த்துக்கொள்ளும் என்பது நாம் படித்ததுதான். மனத்துக்கும் இது பொருந்துமா என்று 1961-இல் சோதித்தவர் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மெக்குவயர். உணவுக்குப் பின் பல் துலக்குவது நல்லது என்பது போன்று யாருமே மறுக்காத நம்பிக்கைகளை அவர் எடுத்துக்கொண்டார். 15 புள்ளி அளவுகோலில் 12-க்கு மேல் இருந்த நம்பிக்கை, எதிர்வாதக் கட்டுரை ஒன்றைப் படித்ததும் 7-க்குக் கீழே சரிந்தது. ஆதரவான காரணங்களை முன்கூட்டியே படித்தவர்களும் 7-ஐச் சற்றே தாண்டினார்கள், அவ்வளவுதான். ஆனால், பலவீனமான எதிர்வாதத்தையும் அதற்கான மறுப்பையும் முன்கூட்டியே சேர்த்துப் படித்தவர்கள் 10-க்கு மேல் நின்றார்கள். முன்பு காட்டப்படாத புதிய வாதங்களையும் அவர்களால் தாக்குப்பிடிக்க முடிந்தது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. எதிர்ப்பே காணாத நம்பிக்கைக்குச் சண்டைப் பழக்கம் கிடையாது. அதைச் சற்றுச் சீண்டிவிட்டால், மனம் தானாகவே பதில்களைத் தேடத் தொடங்கிவிடுகிறது.

மே 21 அன்று நாம் சொல்லும் பயங்கரவாத எதிர்ப்பு உறுதிமொழியும், நீதிபோதனை வகுப்பும் ஆதரவான பக்கத்தை மட்டுமே சொல்வதால், அந்த 7-ஐச் சேர்ந்தவை என்பது என் கருத்து.

கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மெக்குவயரின் இந்தத் தடுப்பூசி முறையை விளையாட்டாக்கி, 291 பேரிடம் சோதித்து, 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். துருவப் பனியை வெடிவைத்துத் தகர்க்கத் துடிக்கும் கற்பனைக் குழு ஒன்றுக்கு ஆடுபவரே ஆள் சேர்க்க வேண்டும்: தனிமையில் வாடுபவரைக் கண்டுபிடிப்பது, நம்பிக்கையைப் பெறுவது, உற்றாரிடமிருந்து பிரிப்பது, செயலில் இறக்குவது. குழு அபத்தமானது என்பதால் கொள்கை ஒட்டிக்கொள்வதில்லை. உத்தி மட்டும் அப்பட்டமாகத் தெரிகிறது. அந்தத் தாயாருக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது.

சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பிள்ளைகள் சிலரிடம் இதையே நம் ஊருக்கேற்ப மாற்றிக் கொடுத்தேன்: கழிவுநீரால் நுரை பொங்கும் பெல்லந்தூர் ஏரியின் அந்த நுரை புனிதமானது, அதை அகற்றுவோர் பகைவர் என்று சொல்லும் "நுரைப் படை"க்கு ஆள் சேர்க்க வேண்டும். கடைசி பெஞ்சு மாணவி நுரையைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. "உன்னை வீட்டில் யாரும் புரிந்துகொள்வதில்லை, இல்லையா? நாங்கள் இருக்கிறோம். இதை அம்மாவிடம் சொல்லாதே" என்று எழுதியிருந்தாள். அவள் அதை வாசித்து முடித்ததும் வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.

கேம்பிரிட்ஜ் சோதனையில் கலந்துகொண்டவர்கள் பெரியவர்கள். அங்கே அளக்கப்பட்டதும் உத்தியை இனங்காணும் திறன் போன்றவைதானே தவிர, பிற்கால நடத்தை அன்று. இத்தகைய எதிர்ப்பாற்றல் நாளடைவில் தேய்வதால், தடுப்பூசிக்குப் போலவே மறுபடி போடும் ஊக்க ஊசியும் தேவைப்படும். ஆகவே அரையாண்டு விடுமுறை முடிந்ததும் நுரைப் படை மறுபடி கூடுகிறது. இம்முறை அந்த மாணவியின் செய்திக்கு மற்றவர்கள் பதில் எழுத வேண்டும்.