குளக்கட்டில் கூடாரம் போடப் போகிறீர்களா?

பதினொரு வருடமாக மட்டக்களப்பில் இருந்து சைக்கிள் பயணக்காரர்களைக் கூட்டிப் போகிறேன். மாரி ஓய்ந்து மாசி பங்குனி வந்தால் போன் வரத் தொடங்கும். "அண்ணே, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடலாம்?" முதல் கேள்வியே இதுதான். இரவு எங்கே படுக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால், "அங்க போய்ப் பார்ப்பம்" என்பார்கள், இல்லாவிட்டால் வரைபடத்தில் நீலமாகத் தெரிகிற ஏதாவது ஒரு குளத்தைச் சொல்வார்கள்.

அந்த நீலம்தான் பயம். நமக்கு அது குளிப்பும் நல்ல படமும். யானைக்கோ பொழுது சாய்ந்தால் தண்ணீருக்கு அங்கேதான் வர வேண்டும், முதலையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

முதல் வருடம் நானும் இந்தக் கூத்தை ஆடியவன்தான். வாவிக்கு மேற்குப் பக்கம், படுவான்கரையில் ஒரு குளக்கட்டு, நல்ல மருத மர நிழல், மாலை ஐந்தரைக்குக் கூடாரத்தை விரித்துவிட்டுத் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். வயலில் இருந்து திரும்பிய பெரியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, மண்வெட்டிப் பிடியால் மரத்தைத் தட்டினார். என் தலைக்கு மேலே ஒரு முழம் வரை பட்டையில் காய்ந்த சேறு, அதில் ஒட்டியபடி கம்பி மாதிரி இரண்டு மூன்று கறுப்பு முடி. "மனே, இது ஆனை முதுகு சொறியிற மரம். எடு சாமான." அன்றிரவு கோயில் மண்டபத்தில் படுத்தேன். விடிந்து அந்த வழியால் வந்தபோது, நான் முளை அடித்திருந்த இடத்தில் இலத்தி ஈரமாகக் கிடந்தது.

அதிலிருந்து நான் திட்டம் போடுவது பின்னாலிருந்துதான். முதலில் படுக்கும் இடம், அங்கே பின்னேரம் நாலு மணிக்குப் போய்ச் சேர வேண்டும், அப்புறம் அதிலிருந்து காலை வரை எண்ணிக்கொண்டு வருவேன். கிலோமீற்றர் கடைசியில்தான்.

மட்டக்களப்பு – பொத்துவில் நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல், ஏ4 வீதி, மேடு பள்ளம் இல்லை, ஒரே நாளில் ஓடிவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கல்முனை, அக்கரைப்பற்று வரை கடைக்குக் கடை தண்ணீரும் பரோட்டாவும் கிடைக்கும். திருக்கோவில் தாண்டினால் வீடுகள் குறையும், கோமாரிப் பக்கம் வெறிச்சோடிக் கிடக்கும், யானையும் வீதியைக் கடக்கும். கால் களைத்து, பொழுது இறங்குகிற நேரத்தில்தான் நீங்கள் அங்கே நிற்பீர்கள். வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வேறு, மலைநாட்டில் ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு அனலாக வந்து வலப்பக்கத் தோளில் அறையும். திருக்கோவிலில் நிறுத்துங்கள். கடலோரத்தில் கோயில் இருக்கிறது, ஊர் இருக்கிறது, கேட்டால் படுக்க ஓரிடம் காட்டுவார்கள். கேட்டுவிட்டுப் படுங்கள், அவ்வளவுதான்.

மணலில்தான் படுப்போம் என்றால் மீன்வாடியில் சொல்லிவிட்டுப் படுங்கள். விடியுமுன் கரைவலை இழுப்பார்கள், கயிறு வருகிற பாதையில் உங்கள் தலை இருக்கக் கூடாது. முளை மணலில் நிற்காது, உரப்பையில் மணல் நிரப்பிப் புதைத்து அதில் கட்டினால் நிற்கும்.

இன்னொன்று, வரைபடத்தில் பாணமை, உகந்தை தாண்டிக் குமண வழியாகக் கதிர்காமம் வரை கோடு தெரியும். அது தேசியப் பூங்கா. கதிர்காமத்து ஆடிவேல் திருவிழாக் காலத்தில் பாதயாத்திரை அடியார்களுக்குத்தான் அந்தக் காட்டுவழி திறக்கும், சைக்கிளோடு போய் நின்றால் திரும்பி வர வேண்டியதுதான். கதிர்காமம் போகிறவர்கள் பொத்துவிலில் இருந்து லாகுகலை, சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தல என்று சுற்றித்தான் போக வேண்டும். அதிலும் லாகுகலைக் காட்டோரத்தைக் காலை எட்டுக்கு முன்னும் மாலை நாலுக்குப் பின்னும் கடக்க வேண்டாம். புத்தல – கதிர்காமம் வீதியில் யானை வாகனத்தை மறித்துத் தீனி கேட்பது உங்களுக்கே தெரியும். அந்தத் துண்டுக்கு நான் சைக்கிளை லொறியில் ஏற்றிவிடுவேன், அதில் எனக்கு வெட்கமே இல்லை.

வெயிலில் மணிக்கு அரை லீட்டருக்குக் குறையாமல் குடியுங்கள், ஆனால் வெறும் தண்ணீராகவே ஊற்றிக்கொண்டிருந்தால் தலை சுற்றும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புத் தூள், ஜீவனி, அதில் நான் இரண்டு பைக்கற் எப்போதும் வைத்திருப்பேன். வாழைப்பழம், அரிசி, உப்பு ஒன்றும் இரவில் கூடாரத்துக்குள் வேண்டாம். நெல்லுக்கும் உப்புக்கும் வீட்டுச் சுவரையே இடிக்கிற மிருகத்துக்கு உங்கள் நைலோன் துணி எந்த மூலைக்கு?