திரையில் தெரியும் பிரிவு எண்ணை நம்பிக் கையொப்பமிடாதீர்கள்

கொழும்பு புதுக்கடைச் சட்டத்தரணிகளிடமிருந்து வரும் ஒப்பந்த வரைவுகளை ஒழுங்குபடுத்தி, சிங்கள, தமிழ், ஆங்கிலப் பிரதிகளை ஒப்புநோக்கிக் கொடுப்பது எனது தொழில். அண்மையில் வந்த ஒரு கடை வாடகை ஒப்பந்தத்தில், “11.2ஆம் பிரிவின்படி முன்னறிவித்தல் கொடுத்து இவ்வொப்பந்தத்தை முடிவுறுத்தலாம்” என்று எழுதியிருந்தது. 11.2ஆம் பிரிவிலோ கடையிலுள்ள மின்விசிறிகளும் அலுமாரிகளும் பற்றிய விபரமே இருந்தது. வாகனத் தரிப்பிடம் பற்றிய பிரிவை இடையில் யாரோ நீக்கியதால், அதற்குப் பின்வந்த பிரிவுகளின் எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துவிட்டன. அவற்றைச் சுட்டிய எண்கள் மட்டும் பழையபடியே நின்றன. இதே பிழை மீண்டும் மீண்டும் கண்ணில் படுவதால்தான் இதை எழுதுகிறேன்.

ஓரிடத்திலிருந்து வேறொரு பிரிவின் எண்ணைச் சுட்ட மைக்ரோசாஃப்ட் வேர்டில் செருகுவதே குறுக்குக் குறிப்பு. “குறுக்குக் குறிப்புப் போட்டிருக்கிறோம், வேர்ட் தானாக மாற்றிவிடும்” என்று எல்லோரும் சொல்கிறார்கள். மாற்றாது. பிரிவுத் தலைப்பின் தானியங்கி எண் உடனுக்குடன் மாறுவதைப் பார்த்துவிட்டு, அதைச் சுட்டும் எண்ணும் அவ்வாறே மாறும் என்று நம்பிவிடுகிறார்கள். சுட்டும் அந்த எண் ஒரு புலம் (ஃபீல்ட்), அதாவது வேர்ட் தானே விடையை நிரப்பும் இடம். கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டதோ அப்போதைய விடையையே காட்டிக்கொண்டிருக்கும். கோப்பைச் சேமித்தாலும், மூடித் திறந்தாலும், மின்னஞ்சலில் அனுப்பினாலும் அது அசையாது. வேர்டின் விருப்பத்தேர்வுகளில், அச்சிடுமுன் புலங்களைப் புதுப்பிக்கும் தெரிவை இட்டிருந்தால் அச்சிடும்போது மாறும். அந்தத் தெரிவு உங்கள் கணினியில் இல்லாமல் எதிர்த்தரப்பின் கணினியில் இருந்தால், உங்கள் திரையில் பிழையின்றித் தெரிந்த ஆவணம் அவர்களுடைய தாளில் “எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நொட் ஃபவுண்ட்” (சுட்டிய இடம் கிடைக்கவில்லை) என்று தடித்த எழுத்தில் வெளிவரும். கோப்பு பழுதாகிவிட்டது என்று அப்போது என்னை அழைக்கிறார்கள். கோப்பில் பழுதில்லை; இணைப்பு எப்போதோ அறுந்துவிட்டது, புதுப்பித்தபோதுதான் அது வெளியே தெரிந்தது.

ஆகவே அனுப்புமுன் கண்ட்ரோலும் ஏயும் அழுத்தி முழுவதையும் தெரிவுசெய்து, எஃப் 9 விசையை அழுத்துங்கள். பல மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். அடிக்குறிப்புகள், பக்கத் தலைப்புகள், உரைப்பெட்டிகள் ஆகியவற்றை இது எட்டாது. அங்கே தனித்தனியாகச் சென்று புதுப்பிக்க வேண்டும். பிறகு “எரர்!” என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடிப் பாருங்கள். திருத்தத் தடங்களோடு (ட்ராக் சேஞ்சஸ்) வந்த வரைவாயின், நீக்கிய பிரிவு அந்த நீக்கத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ளும்வரை கோப்பினுள் இருந்துகொண்டேயிருக்கும் என்பதால், எல்லாத் திருத்தங்களையும் ஏற்ற பின்னர் மறுபடியும் எஃப் 9 அழுத்துவது கட்டாயம்.

கையால் தட்டிய எண்ணை எந்த விசையும் காப்பாற்றாது. விருப்பத்தேர்வுகளின் மேம்பட்ட பகுதியில் புல நிழலை “எப்போதும்” என்று வைத்துவிடுங்கள்: உண்மையான குறிப்புகள் சாம்பல் நிறப் பின்னணியுடன் தெரியும், கையால் தட்டியவை வெறுமையாக நிற்கும். நான் கோப்பைத் திறந்ததும் செய்யும் முதல் வேலை இதுதான்; ஒரே பந்தியில் இரண்டு வகையும் கலந்திருப்பதைக் காணாத வரைவு அரிது.

இணைப்பு அறுவதற்குக் காரணம் பெரும்பாலும் நாங்களே. நீங்கள் குறிப்புச் செருகும்போது, தலைப்பைச் சுற்றி வேர்ட் கண்ணுக்குத் தெரியாத ஒரு புத்தகக்குறியை (புக்மார்க்), அதாவது சுட்டப்படும் இடத்துக்கான அடையாளத்தை, வைக்கிறது. தலைப்பை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டினால் அந்தக் குறியும் போய்விடும். தலைப்பின் தொடக்கத்தில் நின்று என்டர் அழுத்தி மேலே புதுப் பந்தி எழுதினால், அந்தப் பந்தியும் குறிக்குள் அகப்பட்டுக்கொள்ளலாம். மேல் வரியின் முடிவில் நின்று என்டர் அழுத்துங்கள். தலைப்பைத் திருத்துவதானால் சொற்களின் நடுவிலிருந்து திருத்துங்கள்.

தமிழில் எழுதுவோருக்கு இன்னொன்று. தலைப்பின் வாசகத்தைக் குறிப்பாகச் செருகினால் வேற்றுமை உருபு ஒட்டாது: “முற்பணம்” என்று புலம் தரும், நமக்கு வேண்டியதோ “முற்பணத்தில்”. புலத்துக்குள் புகுந்து அதைத் திருத்தினால் அடுத்த எஃப் 9 அதை அழித்துவிடும். ஆகவே எண்ணை மட்டும் புலமாக வைத்து, “ஆம் பிரிவில்” என்பதை வெளியே எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள்: ஆங்கில வாக்கியத்தை மொத்தமாக அழித்துவிட்டு அதன்மேல் தமிழைத் தட்டாதீர்கள். சாம்பல் நிற எண்ணை வெட்டி, தமிழ் வாக்கியத்தில் உரிய இடத்தில் ஒட்டுங்கள்.

படிவங்களில் இடர் இன்னும் கூடுதல். நிரப்புவதற்கு மட்டும் எனப் பாதுகாத்த படிவத்தில் எஃப் 9 வேலை செய்யாது. வாடகைக்கு எடுப்பவரின் பெயரை முதற்பக்கத்தில் நிரப்பினால் கடைசிப் பக்கத்திலும் வரவேண்டுமெனின், பெயரை நிரப்பும் பழைய வகை உரைப்புலத்துக்குப் புத்தகக்குறிப் பெயரிட்டு, “வெளியேறும்போது கணக்கிடு” என்ற பெட்டியில் சரி அடையாளம் இட்டிருக்க வேண்டும். அதை மறந்த படிவத்தில், முந்தைய வாடகையாளரின் பெயர் கையொப்பப் பக்கத்தில் அப்படியே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். புதிதாகப் படிவம் அமைப்பவர்கள் ஆவணப் பண்புடன் (கோப்போடு சேமிக்கப்படும் தலைப்பு, நிறுவனப் பெயர் போன்ற விபரம்) இணைந்த உள்ளடக்கக் கட்டுப்பாடுகளை (கன்டென்ட் கண்ட்ரோல் எனும் நிரப்பும் பெட்டிகள்) பயன்படுத்தலாம். ஓரிடத்தில் நிரப்பினால் மற்ற இடங்களிலும் உடனே மாறும்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் 9 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புலங்கள் சாதாரண எழுத்தாகிவிடும். கையொப்பத்துக்குப் போகும் இறுதிப் பிரதியில் மட்டும், அதுவும் மூலக்கோப்பை வேறு பெயரில் சேமித்த பின்னர் மட்டும் அதைச் செய்யுங்கள்.