ஏரியில் மிஞ்சும் தண்ணீர் யாருக்கு?

நெல் வயலில் லேசாக வெடிப்பு விட்டாலே மடையைத் திறக்க ஓடுகிறோம். ஏரிப்பாசன விவசாயிகளோடு வேலை செய்கிற எனக்கு அந்தப் பதற்றம் புரிகிறது. ஆனால் அதற்கு அவசியமில்லை.

மண்ணுக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு அடி நீள பிவிசி குழாய் போதும். கீழ் 20 செ.மீ. வரை சுற்றிலும் துளை போட்டு, அந்த அளவுக்கு வயலில் இறக்கி, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிடுங்கள். மேலே தண்ணீர் வற்றிய பிறகும் குழாய்க்குள் நீர் நிற்பது தெரியும். வேருக்கு அது எட்டும். மண் மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சுங்கள். நட்ட முதல் இரண்டு வாரம் களை வராமல் இருக்கத் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். பூக்கும் சமயத்தில் காயவிடவே கூடாது. இந்தக் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் விளைச்சல் குறையாமல் 30 சதவீதம் வரை தண்ணீர் மிஞ்சும். வயலிலிருந்து கிளம்பி பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவும் குறையும்.

சிக்கல் குழாயில் இல்லை. ஏரிக்குக் கீழே தண்ணீர் வயலுக்கு வயல் பாய்கிறது. தலைமடைக்காரர் காயவிட்டால் அடுத்தவருக்கும் வராது. அதனால் ஒரு மதகுக்குக் கீழே இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து முறை வைத்தால்தான் இது நடக்கும். அப்படி நடந்தால் முதலில் பிழைப்பது கடைமடைப் பயிர்.

அப்புறம், மிஞ்சிய தண்ணீரை என்ன செய்வது? இன்னும் நாலு ஏக்கர் நடலாம் என்றுதான் முதலில் தோன்றும். அப்படிச் செய்தால் ஏரி பழையபடி வற்றிவிடும். மீனும் போகும், மாடுகளுக்கும் தண்ணீர் இருக்காது, ஊர்க் கிணறும் இறங்கும். மிச்சத்தில் ஒரு பங்கு ஏரியிலேயே நிற்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏரியில் தண்ணீர் நின்றால் என்ன பலன் என்பதற்கு வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தைப் பாருங்கள். அந்த ஏரி சுமார் 74 ஏக்கர், அதுவும் பாசன ஏரிதான். பறவை எச்சம் கலந்த தண்ணீர் நெல்லுக்கு உரம் என்று அந்த ஊர் விவசாயிகளுக்குத் தெரியும். பறவைகளைக் காக்கும் உரிமைக்கு 1858இல் கலெக்டரிடம் உத்தரவே வாங்கியிருக்கிறார்கள். கூடு கட்டிய மரங்களைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறவரைதான் குஞ்சுகளுக்குப் பாதுகாப்பு.

சம்பாவுக்கு மதகு திறக்கும் முன்பே கூட்டம் போடுங்கள். யாருக்கு எந்த நாள் முறை, நீர்மட்டம் எந்தக் குறிக்குக் கீழே போனால் மதகைத் திறப்பதில்லை, இரண்டையும் எழுதி வையுங்கள். மீன் பிடிப்பவர்களையும் ஆடு மாடு வளர்ப்பவர்களையும் கூப்பிடுங்கள். அந்தக் குறி எங்கே இருக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கும் சொல் உண்டு.