வளருகிற பிள்ளையின் முட்டி ஏன் வலிக்கிறது?

கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் பூப்பந்து, காற்பந்துப் பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார், முட்டி வலி. "வளர்ற வயசு, சரியாயிடும்" என்று தைலம் தேய்த்து மறுநாளும் திடலுக்கு அனுப்பிவிடுகிறோம். வயதுதான் காரணம், சரி. ஆனால் அதே காரணத்துக்காகத்தான் மறுநாள் அனுப்பக் கூடாது.

முட்டிச் சில்லுக்குக் கீழே, கால் எலும்பின் முன்பக்கம் ஒரு சிறு மேடு இருக்கிறது; விரலால் தடவினால் தட்டுப்படும். தொடையின் முன்தசை தடித்த நாணாகத் திரண்டு அந்த மேட்டில்தான் வந்து பிடிக்கிறது. பெரியவர்களுக்கு அது கெட்டியான எலும்பு. 12, 13 வயதில் அதில் இன்னும் குருத்தெலும்பு உண்டு. வலையோரம் ஒரு காலை எட்டிப் போட்டு நிற்கும்போதும், துள்ளி ஸ்மாஷ் அடித்து இறங்கும்போதும் தசை அந்த இடத்தைச் சுண்டி இழுக்கிறது. ஒரு மாலையில் நூற்றுக்கணக்கான முறை இப்படி இழுபட்டால் குருத்தெலும்பு நைந்து, மேடு வீங்கி, மண்டியிட்டாலே வலிக்கும். 1903-இல் ஆஸ்குட், ஷ்லாட்டர் என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியே விவரித்த இந்தக் கோளாறு அவர்கள் பெயரிலேயே வழங்குகிறது. வளர்ச்சி நின்றதும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

உயரம் வேகமாக ஏறும் கட்டத்தில்தான் தொல்லை அதிகம். பெண்பிள்ளைகளுக்கு அது 12 வயதை ஒட்டியும் பையன்களுக்கு 14 வயதை ஒட்டியும் உச்சத்துக்கு வரும். எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காமல் இறுகிப்போகிறது. அதனால் சுவரில் பென்சில் கோடு போட்டு 3 மாதத்துக்கு ஒருமுறை உயரம் அளந்து வையுங்கள். 2 செ.மீ.க்கு மேல் ஏறியிருந்தால் துள்ளல் பயிற்சியைக் குறைக்கச் சொல்லிப் பயிற்றுநரிடம் பேசுங்கள். அப்புறம், பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்துக் குதிகாலை மெல்லப் பிட்டத்தை நோக்கி மடக்கிப் பாருங்கள். குதிகால் எட்டாமல் இடுப்பு மேலே தூக்கினால் தொடைத் தசை இறுகியிருக்கிறது.

வாரப் பயிற்சி மணிநேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவத்தில் சொல்லப்படும் வரம்பு. பள்ளி அணி, கிளப், தனிப் பயிற்சி என்று மூன்று இடம் போகிற பிள்ளைக்கு ஒவ்வொரு பயிற்றுநரும் தம் மணிநேரத்தை மட்டுமே அறிவார். மொத்தக் கணக்கு பெற்றோர் கையில்தான். வலி விடாமல் இருந்தால் விளையாட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் அதற்கென்றே ஒரு பிரிவு உண்டு.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. மேட்டை அழுத்தினால் வலி இல்லை, ஆனால் பிள்ளை நொண்டுகிறது, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கிறது என்றால் கோளாறு இடுப்பில் இருக்கலாம். தொடை எலும்பின் தலை, வளர்ச்சிக் குருத்தெலும்பு உள்ள இடத்தில் நழுவும்போது வலி முட்டியில் தெரிவதுண்டு. எடை கூடிய பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். முட்டியை மட்டும் எக்ஸ்ரே எடுத்தால் இது அகப்படாது. காலை ஊன்ற விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோய், இடுப்பையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.