கேபிள் வலையமைப்பை இருவழியாக்குவோர் கவனத்துக்கு: திரும்புபாதையில்தான் எல்லாம் இருக்கிறது

கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பை டிஜிட்டல் ஒளிபரப்புக்கும் இணையத்துக்கும் ஏற்ப மேம்படுத்த முன்வருவோர், பெரும்பாலும் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே கணக்கைத் தொடங்குகிறார்கள். என்கோடர், மோடம்களை நிர்வகிக்கும் சிஎம்டிஎஸ், ஃபைபர் டிரான்ஸ்மிட்டர், புதிய செட்-டாப் பாக்ஸ் என ஒவ்வொன்றுக்கும் விலை கேட்டு, ஒப்பிட்டு, நிதானமாக வாங்குகிறார்கள். அந்தக் கருவிகளால் ஒரு திட்டம் தோற்றுப்போவதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் இருக்கும் கனெக்டரும், வீடுகளுக்குக் கிளை பிரிக்கும் டேப்-ஆஃப் பெட்டியில், கம்பத்தில் மூடாமல் விடப்பட்ட வாயும்தான் பெரும்பாலான திட்டங்களைக் கவிழ்க்கின்றன. களத்தில் அலைவரிசைகளை அளந்து பார்ப்பதே வேலையாக உள்ளவன் என்ற முறையில், இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய வலையமைப்பு ஒருவழிப் பாதை. நிலையத்திலிருந்து வீட்டுக்கு நிகழ்ச்சி சென்றால் போதும். ஊடாடும் சேவையில் வீடும் பேச வேண்டும்: விரும்பிய படத்தைக் கேட்கும் செட்-டாப் பாக்ஸும், இணையத்தில் கோப்பு அனுப்பும் மோடமும் தம் சிக்னலை அதே கேபிளில் எதிர்த்திசையில் அனுப்புகின்றன. இந்தத் திரும்புபாதைக்காக வட அமெரிக்க வலையமைப்புகள் வழக்கமாக 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரையும், ஐரோப்பிய வலையமைப்புகள் 5 முதல் 65 மெகாஹெர்ட்ஸ் வரையும் ஒதுக்கிவந்தன. நிகழ்ச்சிகள் அதற்கு மேலே உள்ள அலைவரிசைகளில் வருகின்றன. இரண்டையும் பிரிக்கும் டிப்ளெக்ஸ் ஃபில்டரும், திரும்புபாதைக்கெனத் தனி ஆம்ப்ளிஃபையர் பகுதியும் வழியில் உள்ள ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குள்ளும் இருந்தாக வேண்டும். பழைய பெட்டிகள் பலவற்றைத் திறந்தால் அந்த இடம் காலியாகவே இருக்கும். ஆகவே முதல் வேலை, வரைபடத்தை நம்பாமல் பெட்டிகளைத் திறந்து பார்ப்பதுதான்.

நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் முன்பாதையில் உள்ள சிக்கல் எளிதில் புரியக்கூடியது. அலைவரிசை உயர உயரக் கேபிளின் இழப்பும் உயரும். வீட்டு இணைப்புக்கு இழுக்கும் ஆர்ஜி-6 கேபிளில் நூறு மீட்டருக்கு 50 மெகாஹெர்ட்ஸில் சுமார் 5 டெசிபெல் இழப்பு என்றால், 860 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 20 டெசிபெல். 550 மெகாஹெர்ட்ஸுக்கு வடிவமைத்த ஆம்ப்ளிஃபையர்களையும் ஸ்பிளிட்டர்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, மேலே உள்ள இடத்தில் டிஜிட்டல் சேனல்களை ஏற்றினால், மிக உயர்ந்த அலைவரிசையில் உள்ளவை முதலில் உறையும். அனலாக் படத்தில் சிக்னல் குறைந்தால் மெல்லப் புள்ளிகள் தோன்றி நம்மை எச்சரிக்கும். டிஜிட்டல் படம் கடைசிவரை தெளிவாக இருந்துவிட்டு, எல்லையைத் தாண்டியதும் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிடும். தரவைச் சிக்னலில் ஏற்றும் குவாம் முறையில் 64-குவாமிலிருந்து 256-குவாமுக்கு மாறினால் ஒரே சேனல் இடத்தில் கூடுதல் தரவு கிடைப்பது உண்மைதான், ஆனால் அதற்கு முன்பைவிட ஏறக்குறைய 6 டெசிபெல் கூடுதல் சுத்தமான சிக்னல் தேவை. நல்ல படம் தெரிகிறது என்பதை மட்டும் வைத்துப் பாதையின் தரத்தை முடிவுசெய்யக் கூடாது. சிக்னல் எவ்வளவு சுத்தமானது என்று காட்டும் எம்இஆர் அளவீட்டை எடுத்த பிறகே பேச வேண்டும்.

திரும்புபாதையின் இயல்பே வேறு. ஃபைபர் முடிந்து கேபிள் தொடங்கும் இடமான ஒரு ஃபைபர் நோடின் கீழ் உள்ள வீடுகள் அனைத்தின் சிக்னலும், பல வாய்க்கால்கள் ஒரே ஏரியில் விழுவது போல, ஓரிடத்தில் கலக்கின்றன. சிக்னலோடு இரைச்சலும் வந்து சேர்கிறது. ஒரு வீட்டில் கோளாறு இருந்தால் அந்த வீட்டின் படம் மட்டும் கெடும் என்ற பழைய அனுபவம் இங்கே உதவாது. ஒரு வீட்டு இரைச்சல் அந்த நோடில் உள்ள எல்லோருடைய இணையத்தையும் தடுமாற வைக்கும். அதிலும் 5 முதல் 20 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் சிற்றலை வானொலி, மோட்டார்களின் தீப்பொறி, மலிவான மின் அடாப்டர்களின் இரைச்சல் ஆகியவை குவிகின்றன.

அவை உள்ளே நுழையும் வழி மிகச் சிறியது. கேபிளின் முனையில் உள்ள ஓர் எஃப் கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பின்னல் கம்பியின் ஓர் இழை மடங்காமல் நடுக்கம்பியை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும், அல்லது நடுக்கம்பி ஈரத்தில் கறுத்திருக்கும். கையால் மட்டும் திருகிவிட்ட கனெக்டர், வெயிலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் சில மாதங்களில் தளர்ந்துவிடும். துரு படிந்த உலோகத் தொடர்பு டயோடு போலவே செயல்பட்டு, முன்பாதை சேனல்களைத் தமக்குள் கலக்கச்செய்து, புதிய இரைச்சலைத் திரும்புபாதைக்குள் உருவாக்குவதும் உண்டு. கேபிளை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரெஷன் வகைக் கனெக்டர், சரியான இறுக்கத்துக்குத் திருக உதவும் டார்க் (torque) ஸ்பேனர், பயன்படாத ஒவ்வொரு டேப்-ஆஃப் வாயையும் மூட 75 ஓம் டெர்மினேட்டர் ஆகிய மூன்றும் மலிவானவை. திட்டத்தின் வெற்றியோ இவற்றையே நம்பியிருக்கிறது. இணையமும் ஊடாடும் சேவையும் வாங்காத வீடுகளின் இணைப்பில் திரும்புபாதை அலைவரிசையைத் தடுக்கும் ஃபில்டரை மாட்டினாலே இரைச்சல் கணிசமாகக் குறையும்.

இரைச்சல் நுழையும் ஓட்டை வழியாகச் சிக்னல் வெளியேயும் கசியும். அது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான விமானத் தகவல்தொடர்பு அலைவரிசையில் விழக்கூடும் என்பதால், கசிவைத் தேடும் கருவியுடன் தெருத்தெருவாகச் செல்வது பாதுகாப்புப் பணியும் ஆகும்.

வாடிக்கையாளர்களும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். படம் மங்கலாக இருக்கிறதென்று நீங்களே வாங்கி மாட்டும் பூஸ்டர் பெரும்பாலும் ஒருவழிக் கருவி. அது படத்தைத் தெளிவாக்கும், அதே நேரத்தில் மோடத்தின் குரலை அடைத்துவிடும். நான்குவழி ஸ்பிளிட்டர் ஒன்று இரு திசையிலும் சுமார் 7 டெசிபெல்லை விழுங்குகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட மோடம் தன் சக்தியை உச்சத்துக்கு உயர்த்திப் பேசுகிறது. மோடம் உச்ச சக்தியில் இயங்குகிறது என்ற தகவல் சிஎம்டிஎஸ் திரையில் தெரிந்தாலே, புகார் வரும் முன் அந்த வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

சமன்செய்யும் முறையிலும் பழக்கத்தை மாற்றியாக வேண்டும். முன்பாதையில் ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு அளவையும் வடிவமைப்பின்படி நிலைநிறுத்துகிறோம். திரும்புபாதையில் ஒவ்வொன்றின் உள்ளீட்டு அளவையும் ஒரே நிலையில் வைக்க வேண்டும். முதல் முறையிலேயே பழகிய கை, இரண்டாவதிலும் அதையே செய்துவிடுகிறது.

அடுத்த கட்டத்தையும் இப்போதே யோசிப்பது நல்லது. கேபிள் வழி இணையத்துக்கான டாக்சிஸ் தரநிலை முதலில் 1997இல் வெளிவந்தது. அதற்குப் பின், 2013இல் வந்த டாக்சிஸ் 3.1 திரும்புபாதையை 204 மெகாஹெர்ட்ஸ் வரை விரிக்க இடமளிக்கிறது. டிப்ளெக்ஸ் ஃபில்டரைக் கழற்றி மாற்றக்கூடிய ஆம்ப்ளிஃபையர்களை வாங்கினால் அப்போது பெட்டியை மாற்ற வேண்டியிருக்காது. ஆனால் அந்த விரிவு பண்பலை வானொலியின் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸையும் உள்ளடக்கும் என்பதால், தளர்ந்த கனெக்டர்களின் விளைவு மேலும் கூடும்.

ஆகவே திட்ட மதிப்பீட்டில் வீட்டு இணைப்புகளைச் சரிபார்க்கும் பணிக்குத் தனியாகத் தொகை ஒதுக்குங்கள். ஒரு நாளுக்கு இத்தனை இணைப்பு என்று எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் தொழிலாளியிடம் நிதானத்தை எதிர்பார்க்க முடியாது. முடித்த ஒவ்வொரு வீட்டின் திரும்புபாதை அளவையும் அவர் பதிவுசெய்ய நேரமும், அந்த நேரத்துக்கு ஊதியமும் தரப்பட வேண்டும்.